டன்லப் தெருப் பாணிப் போர்

வாழ்க, செஞ்சாயத் தூரிகை ஏந்திய செங்கையன்! வாழ்க, சிராங்கூன் சாலைக் கடைகளின் நெற்றிக்கெல்லாம் திலகமிட்ட ஏணியேறு வீரன், விளம்பரப் பலகைத் தனசேகரன்! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் ஒரு சொல்லைக் காக்க அவன் ஆற்றிய சமரை, நாவே, நடுங்காமல் நவில்வாயாக!

பத்தாண்டுக் காலம் பிறர் கடைவாசல் ஐந்தடிப் பாதையில் ஒற்றைத் தையல் இயந்திரத்தோடு தவமிருந்த சேக் தாவூது, தமக்கென ஒரு கடை பிடித்துக் காலை பத்து மணிக்குத் திறப்பதாக இருந்தார். ஒன்பதரைக்கு, செவ்வானமும் நாணும் சிவப்பில், 'புதுப்பாணித் தையலகம்' என்று தீட்டி முடித்திருந்தான் தனசேகரன். அண்ணாந்து பார்த்த தாவூதின் முகம் கறுத்தது.

"எங்க ஊர்ல பாணின்னா இடியாப்பத்துக்கு ஊத்துற வெல்லப்பாகு, தம்பி. மோஸ்தர்னு மாத்திடு."

மூண்டது போர்! மண்ணெண்ணெய் தோய்ந்த கந்தலைக் கதாயுதமெனச் சுழற்றித் தாவூது ஏணியின் அடிப்படியை முற்றுகையிட, உச்சிப்படியில் நின்ற தனசேகரனோ, மதயானையை மறிக்கும் கோட்டைக் கதவென, தன் உடலையே பலகைக்குக் கேடயமாக்கிச் சாய்ந்தான். புறமுதுகு காட்டியறியா அப்பெருவீரனின் முதுகில், ஈரம் காயாத 'ணி' தலைகீழாகவும் இல்லாமல் நேராகவும் இல்லாமல் பதிந்தது. தெருவே இரு படையாய்ப் பிரிந்தது, மாட்டுவண்டிகள் நின்றன, ஏணி ஆடியது. நம்பாத சொல்லைத் தனசேகரனின் தூரிகை இதுவரை எழுதியதில்லை. போன தீபாவளிக்குத் தாவூது தைத்துத் தந்த சட்டையைத்தான் அன்று அணிந்திருந்தான். அதன் கழுத்துப்பட்டையைப் பற்றிக்கொண்டு, எண்டிசையும் கேட்க முழங்கினான்:

"மோஸ்தர் ஊருக்கெல்லாம் பொது, பாய். இந்தக் காலரை உங்களை மாதிரி மடிக்க வேற ஆளு இல்ல. அதுக்குப் பேருதான் பாணி."

ஓங்கிய கந்தல் தாழ்ந்தது. தம் கைமடிப்பைத் தாமே முதன்முறை காண்பவர்போல் தாவூது நோக்கினார். அப்போது, கனல் கக்கும் இஸ்திரிப்பெட்டி ஏந்தி வாசலில் தோன்றிய அவர் மனைவி சம்சுன்னிசா தீர்ப்பளித்தாள்:

"வெல்லப்பாகுன்னே நினைச்சு வரட்டும் லா. இனிக்கிற பேரு நல்லதுதானே."

பகை தீர்ந்தது! முற்றுகையிட்ட கரங்களே ஏணியைத் தாங்க, அழிந்த 'ணி' முன்னிலும் பொலிவோடு மீண்டெழ, சாம்பிராணிப் புகை மேகமெனச் சூழ, பத்து மணிக்குத் திறந்தன அக்கடையின் திருக்கதவங்கள்.

முதலில் வந்த மலாய்த் தபால்காரருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கால்சட்டைக்கு ஒரு பொத்தான் தைக்கவேண்டும் என்றார்.