பால்கனிக்கு நாடி பார்த்தவர்

மனிதர்களுக்கு நாடி பார்க்க ஆயிரம் பேர் உண்டு. கட்டடத்துக்கு நாடி பார்த்தவர் உலகத்திலேயே எங்கள் ராயபுரம் குடியிருப்பின் நாடி சார் ஒருவர்தான்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், இயந்திரம் ஆடினால் அடித்தளம் தாங்குமா என்று கணக்குப் போடுவது அவர் வேலை. வீட்டிலும் அதேதான். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு ஓடி முடிய அரை நாள் ஆகும். யாராவது மிக்ஸி போட்டால் கரண்ட் இறங்கி எல்லாம் அணைந்துவிடும். "ஐயோ, சட்னி அரைக்காதீங்கம்மா! முக்கால்வாசி முடிஞ்சிருச்சு!" என்று மாடி மாடியாக ஓடுவார். பல ஞாயிறுகள் நாங்கள் இட்லிக்குச் சர்க்கரை தொட்டுத் தின்றோம்.

இரண்டாம் மாடிப் பொதுப் பால்கனியில் மணல் மூட்டையைத் தொப்பென்று போட்டு, அது அதிர்வதை அறியத் தரையில் உள்ளங்கை பதித்துக் குப்புறப் படுப்பார்.

"இன்னா நைனா, பால்கனி முழுகாம கீதா?" என்பார் மேல்வீட்டு மீன் ஏலக்காரர்.

"சிரிக்காதய்யா. உப்புக் காத்துல கம்பி துருப்பிடிச்சுப் போச்சு. மாசாமாசம் இதோட ஆட்டம் மந்தமாகுது. பசங்க குதிக்கிற வேகத்துக்கு இறங்கிச்சுன்னா, ஊஞ்சலைச் சரியான நேரத்துல தள்ளிவிடற மாதிரி. ஆட்டம் பெருசாகிக்கிட்டே போய் இடிஞ்சு விழுந்துடும்."

ஒரு நாள் பால்கனி வாசலில் கட்டிலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார். ஸ்கிப்பிங் கயிற்றோடு என் மகள் அழுதுகொண்டு வந்தாள். நான் போய், "உங்களுக்குன்னு ஒரு பிள்ளை இருந்தா தெரியும்" என்றேன். எல்லோர் முன்னாலும். அவர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த மாதமே திருவொற்றியூருக்குக் குடிபோய்விட்டார்.

சில வாரங்கள் கழித்து, தனியாகக் குதித்துக்கொண்டிருந்தவளைத் தலைவார உள்ளே கூப்பிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். இரண்டாவது பின்னல் போடும்போது பால்கனி முழுசாகக் கீழே போயிற்று. யாருக்கும் அடியில்லை. ஆனால் இன்றும் அவள் எங்காவது பால்கனியில் நின்றால் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுகிறேன்.

மறுநாளே மன்னிப்புக் கேட்கத் திருவொற்றியூருக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் வார்த்தைகளை ஒத்திகை பார்த்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்ல சார்."

"இன்னும் ஒரு வருஷம் தாங்கும்னு கணக்குல வந்துச்சும்மா. அதை நம்பித்தான் அன்னைக்குக் கட்டிலை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

அவர் காகிதத்தை எடுத்தார்.

"எங்க தப்புன்னு பார்க்கணும். பாப்பா எவ்வளவு எடை?"

"பதினெட்டு கிலோ சார்."

அதை எழுத அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. நான் அவசரப்படுத்தாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.