அடுப்படிதான் சிதம்பரம்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் எவ்வளவு தூரம் என்று யாரைக் கேட்டாலும் கிலோமீட்டரில் சொல்வார்கள். ரைட் மாமா வீட்டில் மட்டும் வாசல் கேட்டிலிருந்து அடுப்படி வரைக்கும் என்பார்கள். விருந்துக்குப் போன இடத்தில் டிக்கெட் இல்லாத குற்றத்துக்காக நடு ஹாலில் இறக்கிவிடப்பட்ட மனிதர்கள் இந்தப் பூமியில் சிலர்தான். அத்தனை பேரும் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தவர்கள்.

ரைட் மாமா கடலூர்–சிதம்பரம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வாயில் விசில், விசில் இல்லாத நேரத்தில் 'ரைட்'. சோறு போதுமா என்று கேட்டால் ரைட். ஜுரம் எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டால் ரைட். தாலி கட்டி முடித்ததும் ரைட் சொன்னார் என்று அவர் மனைவி செல்வி அக்கா சத்தியம் செய்கிறார். நான் அண்ணாமலை நகரில் எம்.எஸ்சி. கணக்கு படித்த நாளெல்லாம் என்னை ஏற்றி இறக்கியவர் அவர்தான். இப்போது அங்கேயே ஆராய்ச்சி செய்கிறேன், அதே பஸ், அதே ரைட். சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு எங்கள் வாசலில் பாடம் எடுப்பதால் என்னை 'டீச்சரு' என்பார்.

அவருக்கு ஒரே மகள், குழலி. மூன்றாம் வகுப்பு. வாயைத் திறந்தால் மூடாத பெண், புத்தகத்தைத் திறந்தால் மட்டும் மூடிக்கொள்வாள். எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. பரீட்சை லீவுக்குள் வாசிப்பு வராவிட்டால் பாண்டிச்சேரியில் தன் தம்பி வீட்டில் விட்டுப் படிக்க வைப்பது என்று செல்வி அக்கா முடிவு செய்துவிட்டார். தம்பி நல்ல மனிதர். அவர் தெருவிலேயே நல்ல டியூஷன் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லாத ஏற்பாடு. அந்தப் பேச்சு வரும்போது மட்டும் ரைட் மாமா வாயிலிருந்து ரைட் வராது.

ஒரு நாள் பஸ்ஸில் நான் பிள்ளைகளின் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஒரு தாள் தயாரித்துக்கொண்டிருந்தேன். கணக்கு, வாசிப்பு, எழுத்து மூன்றுக்கும் வீட்டிலேயே செய்யக்கூடிய விளையாட்டுகள். ரைட் மாமா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து முதல் வரியைச் சத்தமாகப் படித்தார்: பிள்ளை தினமும் பார்க்கிறதை வைத்தே தொடங்குங்கள். ஆலப்பாக்கத்தில் ஆட்கள் ஏறி முடித்தார்கள். விசில் வரவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். பின்னால் வந்த பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது. தனியார் பஸ் உலகத்தில் அது சாவுக்குச் சமம். ரைட் மாமா கம்பியைப் பிடித்தபடி வெளியே ஊர்ப் பெயர்ப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீச்சரு, எம் பொண்ணு தெனமும் பாக்குறது என்னா?"

"உங்களத்தான் மாமா."

அன்றைக்கு சிதம்பரம் வரைக்கும் டிரைவர்தான் தனக்குத் தானே ரைட் சொல்லிக்கொண்டார்.

ஒரு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு என்பது அவர் முறை. அடுத்த ஓய்வு நாளில் வீடு ரூட் ஆகிவிட்டது. வாசல் கேட்டில் 'கடலூர்' என்று அட்டை. ஹால் முதுநகர். கட்டில் ஆலப்பாக்கம், பீரோ பெரியப்பட்டு, குளியலறை புதுச்சத்திரம், ஃப்ரிட்ஜ் பி.முட்லூர், கிரைண்டர் சி.முட்லூர், அடுப்படி சிதம்பரம். எழுத்துப் பயிற்சிக்கு டிக்கெட் வைக்கலாம் என்றது நான். காசு கிடையாது, ஏறுமிடம், இறங்குமிடம் இரண்டையும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குழலி அட்டையைப் பார்த்து எழுதிக் கிழித்துக் கொடுக்க வேண்டும். யாராக இருந்தாலும் டிக்கெட் இல்லாமல் நகரக் கூடாது. இந்த விதியை மாமா இவ்வளவு விசுவாசமாக அமல்படுத்துவார் என்று நான் நினைக்கவில்லை.

முதல் பலி செல்வி அக்கா. சிதம்பரத்தில் பால் பொங்குகிறது, அக்கா முதுநகரில் டிக்கெட்டுக்குக் காத்திருக்கிறார். குழலி 'சி' போட்டு 'த'வில் நின்று யோசிக்கிறாள்.

"எங்க வூட்டு அடுப்படிக்கு நான் போறதுக்கு டிக்கெட்டா? பால் பொங்குதுய்யா."

"பஸ்ஸு நிக்காம எறங்குனா கால் போயிரும் செல்வி. பொறு, 'ம்' வருது."

பால் போய்விட்டது. 'ம்' வந்தது. செல்வி அக்கா முறைத்தார், ஆனால் டிக்கெட்டைக் கசக்கவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

கணக்கு தட்டில் நடந்தது. இட்லிகள் பயணிகள், தட்டு பஸ். அஞ்சு பேர் ஏறியாச்சு, ரெண்டு பேர் வயித்துல எறங்கியாச்சு, அம்மா இன்னும் மூணு பேர ஏத்துறாங்க, இப்ப வண்டியில எத்தன பேரு? தப்பாகச் சொன்னால் வண்டி நகராது, அதாவது சட்னி வராது. கூட்டலும் கழித்தலும் குழலிக்கு ஒரே வாரத்தில் படிந்துவிட்டன. ஓவர்லோடு என்று சொல்லி நாலாவது இட்லியை மறுக்கவும் கற்றுக்கொண்டாள்.

வாசிப்பிலோ அவள் பறந்தாள். கேட்டிலிருந்து அடுப்படி வரை ஓடிக்கொண்டே எல்லா அட்டையையும் ஒரே மூச்சில் படித்தாள். எனக்குப் புல்லரித்தது. என் சக ஆராய்ச்சியாளர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். மாமா பாண்டிக்கே போன் போட்டு, மச்சான் வந்து பார்க்கட்டும் என்றார்.

பாண்டி மச்சான் ஞாயிற்றுக்கிழமை வந்தார். டிக்கெட் தெரியாமல் நேராக அடுப்படிக்கு நடந்து, விசில் ஊதி முதுநகரில் இறக்கிவிடப்பட்டார். காபி சிதம்பரத்தில் ஆறிக்கொண்டிருந்தது. மனிதர் கோபித்துக்கொள்ளாமல் சிரித்தார். குழலியைத் தட்டிக்கொடுத்தார். பிறகு சாதாரணமாகப் பக்கத்தில் இருந்த பீரோவைக் காட்டி, "இது என்ன ஸ்டாப்பு கண்ணு?" என்றார்.

குழலி அட்டையைப் பார்த்தாள். அப்புறம் வாசல் கேட்டுக்கு ஓடினாள். கேட்டைத் தொட்டு, "கடலூர், முதுநகர், ஆலப்பாக்கம்" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்து, பீரோவில் மூச்சு வாங்கி, "பெரியப்பட்டு" என்றாள்.

அவள் படிக்கவே இல்லை. அப்பா பஸ் படிக்கட்டிலும் வீட்டிலும் கத்துகிற வரிசையை அப்படியே வாங்கி வைத்திருந்தாள். எந்த ஊர் வேண்டுமென்றாலும் கடலூரில் ஏறித்தான் வரவேண்டும்.

மச்சான் தணிந்த குரலில், பரீட்சை முடிந்த ஞாயிறு வந்து கூட்டிப்போகிறேன் என்றார். செல்வி அக்கா சரி என்றார். ரைட் மாமா கட்டிலில், அதாவது ஆலப்பாக்கத்தில், உட்கார்ந்துவிட்டார்.

"அவ எம் பொண்ணு டீச்சரு. என்னயக் கேட்டாலும் கடலூர்ல ஆரம்பிச்சாத்தான் வரும்."

மழை வந்து வழிகாட்டியது. ஒரு காலையில் பெரியப்பட்டு தாண்டி ரோட்டில் தண்ணீர் நின்றதால் எல்லா பஸ்ஸையும் ஏதோ ஊர்களுக்குள் திருப்பி விட்டார்கள். தூங்கி வழிந்த பஸ் முழுக்க விழித்துக்கொண்டது. வருஷக்கணக்காக அந்த பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே தலையை நீட்டி, டீக்கடைப் பலகை, பள்ளிக்கூடப் பலகை, சிமெண்டு விளம்பரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக்கூட்டிக்கொண்டு வந்தார்கள். ரைட் மாமா நடுவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு என் சீட்டுக்கு வந்து குனிந்தார்.

"தெரிஞ்ச ரோட்டுல எவனும் போர்டு படிக்க மாட்டான் டீச்சரு. வூட்டுக்கு டைவர்ஷன் போட்டுற வேண்டியதுதான்."

மறுநாளிலிருந்து தினமும் விடிந்ததும் அட்டைகள் இடம் மாறின. அடுப்படி முதுநகரானது. ஃப்ரிட்ஜ் கடலூர். குளிக்கப் போகிறவர் எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பது என்று அன்றைய அட்டையைப் படித்தால்தான் தெரியும். படிக்காமல் பழக்கத்தில் புதுச்சத்திரத்துக்கு டிக்கெட் எடுத்த செல்வி அக்கா துண்டும் சோப்புமாகக் கிரைண்டர் முன்னால் போய் நின்றார். முதல் நாள் குழலி அழுதாள். கேட்டில் 'சிதம்பரம்' தொங்கியதால் அவளுக்கு எங்கே ஏறுவது என்றே தெரியவில்லை. மாமா ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. விசிலைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, கூடவே தரையில் உட்கார்ந்துகொண்டார். அவருக்குக் காத்திருக்கத் தெரியும் என்பதையே அன்றுதான் பார்த்தேன். வெகுநேரம் கழித்து குழலி ஒரு அட்டையின் கீழே விரலை வைத்தாள். "பெ... ரி... ய..." நிறுத்தி, ஓடாமல், கேட்டைத் திரும்பிப் பார்க்காமல், "பெரியப்பட்டு" என்றாள். மாமா ரைட் சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டு, அடுத்த அட்டையைக் காட்டினார்.

பிறகு அட்டைகள் போதவில்லை. பி.முட்லூரையும் சி.முட்லூரையும் மாற்றி மாற்றித் தொங்கவிட்டு அவளை ஏமாற்றப் பார்த்தார். அவள் ஏமாறவில்லை, நான் ஏமாந்தேன். ரூட்டிலேயே இல்லாத ஊர்களை எழுதி மாட்டினார். தேவனாம்பட்டினம் என்ற நீளமான அட்டைக்காகவே கொடிக்கயிறு கட்டினார்.

பரீட்சை முடிந்த ஞாயிறு பாண்டி மச்சான் ஒரு காலிப் பெட்டியோடு வந்தார், குழலியின் துணிகளுக்காக. இந்த முறை டிக்கெட் கேட்டு வாங்கிக்கொண்டு, அன்றைய அட்டைகளைப் படித்து, சரியான இடத்தில் காபி குடித்தார். கிளம்பும் நேரம் வந்தது. மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழலி காலண்டர் தாளை எடுத்து, குனிந்து எழுதி, கிழித்து மச்சான் கையில் கொடுத்தாள். ஏறுமிடம்: கடலூர். இறங்குமிடம்: பாண்டிச்சேரி. அந்த வீட்டில் எந்த அட்டையிலும் தொங்கியிராத ஊர். 'ச்' கூடத் தப்பவில்லை.

மச்சான் அதை இரண்டு தரம் படித்தார். "ஒண்ணுதான இருக்கு கண்ணு. ஒன்னோட டிக்கெட்டு?"

"நான் எப்பிடி வர்றது மாமா? டூட்டில இருக்கேன்ல."

செல்வி அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு காலிப் பெட்டியை எடுத்து வாசலில் மச்சானின் வண்டியில் அவரே வைத்தார். பாண்டி மச்சான் டிக்கெட்டைப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு தெருமுனை திரும்பும் வரைக்கும் ரைட் மாமா விசில் ஊதினார். அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்தார்கள். இன்னும் ஊதினார்.

இப்போது பிரச்சினை இடம். குழலிக்குச் சிதம்பரம் தாண்டிப் போக வேண்டுமாம், அவர்கள் வீட்டில் அறை தீர்ந்துவிட்டது. அதனால் வருகிற ஞாயிறு ரூட்டை நீட்டுகிறோம். எங்கள் வீட்டு மொட்டை மாடி சீர்காழி. தெருவில் என்னிடம் படிக்கிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒரு வீடு, ஒரு ஸ்டாப். அம்மாக்களிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது, பாலைச் சீக்கிரமே காய்ச்சி வைக்கும்படி எச்சரித்தும் ஆகிவிட்டது. நானே கண்டக்டராக நிற்கலாம் என்று நினைத்து விசிலைக் கேட்டேன். அது மட்டும் எங்கிட்டயே இருக்கட்டும் டீச்சரு என்றார்.

இருக்கட்டும். அவர் ரைட் சொல்லாமல் நான் எந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறேன்?