எக்ஸ்ட்ராக்டர் வேறு, டிராக்டர் வேறு

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
1993, கார்த்திகை.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர், ஜெஞ்சாரோம் திரு. கார்த்திகேசு அவர்களின் சமூகத்திற்கு, தம்புசாமி பணிவுடன் தெரிவித்துக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா நல்லம்மாளும் கடைசி மகன் பாலனும் முருகன் புண்ணியத்தில் சுகம். அங்கே தாங்களும், தங்கள் துணைவியாரும், மகள் காமாட்சியும், செம்பனை மரங்களும் செழிப்புடன் விளங்கப் பிரார்த்திக்கிறோம்.

இதுவரை உள்ளது எதிர்வீட்டு வாசு தானாகவே எழுதியது. எனக்கு எழுதத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். அவர் தபால் ஆபீசில் இருந்தவர், கடிதம் இப்படித் தொடங்காவிட்டால் பேனாவைத் தொட மாட்டேன் என்கிறார். இனி வருவதுதான் நான் சொல்வது.

மச்சான், ஞாயிற்றுக்கிழமை கயிறும் ஆளுமாக டிராக்டரை இழுத்துப்போக வர வேண்டாம். டிராக்டர் இல்லை. எப்போதும் இருந்ததும் இல்லை. அதற்காகக் கல்யாணத்தை நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

நடந்தது இதுதான். ஒரு நாள் சோற்றில் கை வைத்துக்கொண்டே பாலன், "அப்பா, ஒரு எக்ஸ்ட்ராக்டர் வாங்கப் போறேன்" என்றான். பட்டாளத்தில் ஓடிக் கழித்த லோரியை எக்ஸ்-ஆர்மி என்கிறோம், வாடகைக்கு ஓடிக் கழித்த காரை எக்ஸ்-டாக்சி என்கிறோம், ஆகவே உழுது கழித்தது எக்ஸ்-டிராக்டர் என்று நான் நினைத்ததில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள். பையனுக்குப் புத்தி வந்துவிட்டது, மாமன் தோட்டத்தில் உழைக்கப் போகிறான் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுவாரமே கிள்ளான் கோயிலில் உங்களைப் பார்த்தபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அதற்கு முன்னால் அதே கோயிலில் நீங்கள் சொன்னது எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது: "அக்கா மவனா இருந்தா என்ன அத்தான், ரோட்டுல பறக்குற பயலுக்கு எம் பொண்ண குடுக்க மாட்டேன் லா." டிராக்டர் என்ற சொல் காதில் விழுந்ததும், "அப்ப தையிலயே வச்சிக்கலாம்" என்றீர்கள். வீட்டுக்குப் போய் வாழைப்புதரை வெட்டி டிராக்டருக்குக் கொட்டகையும் போட்டுவிட்டீர்கள் என்று அக்காவுக்குச் செய்தி வந்தது. கொட்டகை வீணாகாது மச்சான், ஆடு கட்டலாம்.

போன வாரம் "சாமான் வந்துருச்சு, வாங்கப்பா" என்று பாலன் கூப்பிட்டான். மாலை, கற்பூரம், சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் எல்லாம் வாங்கிக்கொண்டு சுங்கை பூலோவில் உள்ள பட்டறைக்குப் போனேன். அங்கே பாலனின் பழைய கொரோலா காரைத் தவிர ஒன்றும் இல்லை. அதன் வயிற்றில் ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வந்த ஒரு காரின் இன்ஜினை வைத்திருக்கிறான், அதோடு சூப்பர்சார்ஜர் என்று ஒரு பெட்டி. இன்ஜின் தானாக மூச்சு விடுவது போதாதென்று, அந்தப் பெட்டி அதன் வாயைப் பிளந்து காற்றைத் திணிக்குமாம். பட்டறை முதலாளியான தௌக்கே உள்ளே போய், பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி நாலு வளைந்த பைப்பைத் தூக்கி வந்தார்.

"எங்கடா டிராக்டரு?" என்றேன்.

"டிராக்டரா? இதாம்பா எக்ஸ்ட்ராக்டர். இன்ஜின் பொகைய வெளிய இழுக்குற பைப்பு."

தௌக்கே என் கையில் இருந்த மாலையைப் பார்த்துவிட்டு, "அங்கிள், பைப்புக்குப் பூவெல்லாம் வேணாம் லா, எரிஞ்சிடும்" என்றார். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தண்ணீர் கலந்து மூவரும் குடித்தோம்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பாலனுக்கு எதை வாங்குவது என்றே முடிவில்லை. இந்தப் பைப்பில் ஒரு வகை நாலு-ஒண்ணு. நாலு பைப்பும் ஒரே இடத்தில் போய் ஒன்றாகும். மற்றது நாலு-ரெண்டு-ஒண்ணு. முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து, அப்புறம் ஒன்றாகும். என் கணக்குக்கு, கல்யாண வீட்டில் நாலு பந்தியும் ஒரே சமயத்தில் எழுந்து ஒரே வாசலில் கை கழுவ முட்டுவது நாலு-ஒண்ணு. இரண்டு நடையில் பிரிந்து போய், கேட்டில் சேர்ந்து, மரியாதையாக வெற்றிலை எடுத்துக்கொண்டு கிளம்புவது நாலு-ரெண்டு-ஒண்ணு. "எது சத்தம் போடாது?" என்று கேட்டேன். "ரெண்டும் போடும் அங்கிள். நாலு-ரெண்டு-ஒண்ணு கொஞ்சம் அடக்கம். டவுன்ல, ஜாம்ல ஓட்ட அதான் நல்லது. நாலு-ஒண்ணு முழு வேகத்துல போறவனுக்கு" என்றார். அடக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். "பொண்ணு குடுக்கிற வீட்டுக்கு அடக்கமானதுதான் போகணும், அதையே பூட்டு" என்றேன். பாலனும் தலையாட்டினான். ஆகவே உங்கள் மாப்பிள்ளை அடக்கமான பைப்பைத் தேர்ந்தெடுத்தவன். இதை நீங்கள் தைரியமாக நாலு பேரிடம் சொல்லலாம்.

இன்னொன்று. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மெர்டேக்காவுக்கு முந்தின வருஷம் நீங்கள் கிள்ளானுக்குப் பெண் பார்க்கப் போனது ஆஸ்டின் லோரியில். அதன் சைலன்சர் ஜெஞ்சாரோம் எல்லையிலேயே விழுந்துவிட்டது. முன்சீட்டில் உங்கள் பக்கத்தில் பழத்தட்டோடு உட்கார்ந்திருந்தவன் நான். நாம் சந்து திரும்பும்போதே பெண் வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. உங்கள் மாமனார் கோபிக்கவில்லை. "பையன் ஒளிஞ்சி மறஞ்சி வரல, அது போதும்" என்றார். இதை நான் இதுவரை காமாட்சியிடம் சொன்னதில்லை. சொல்லும்படி வைத்துவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் விளக்கும் அடுப்பும் குறைவில்லாமல் எரியட்டும். தங்கச்சிக்கும் காமாட்சிக்கும் எங்கள் ஆசி. அக்கா உங்களைச் சர்க்கரையைக் குறைக்கச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
தம்புசாமி (கைநாட்டு)

பின்குறிப்பு: வாசு உறையை ஒட்டப் போகும்போது தெருமுனையில் ஒரு சத்தம். அவர் கையில் இருந்த தேநீர் சட்டையில் கொட்டிவிட்டது. வந்தது பாலன். பூட்டியிருப்பது நாலு-ஒண்ணு. "ஏன்டா, தலைய ஆட்டினியே?" என்றால், "நான் என்னப்பா செய்யிறது, காமாட்சிதான் போன்ல திட்டினா. நாலு-ரெண்டு-ஒண்ணெல்லாம் டாக்சிக்காரன் போடுறது, அத்தான், சூப்பர்சார்ஜர வச்சிக்கிட்டு ஏன் இப்படிப் பயப்படுறீங்கன்னு கேட்டா" என்கிறான். கிள்ளானில் அவள் கார் உதிரிப்பொருள் கடையில் பில் மட்டும் எழுதுகிறாள் என்று நீங்களும் நானும் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பைப்பைத் தேடிப் பிடித்து எடுத்து வைத்ததே அவள்தானாம். கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அடக்கத்தைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். அவன் கார் வந்த சத்தம் கேட்டதும் உங்கள் வீட்டில் முதலில் வாசலுக்கு ஓடியது யார் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள் மச்சான். தை மாதம் தள்ளிப் போனால் அவளுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், நான் இல்லை.