உங்கள் தம்பியின் பேன்ட் பாக்கெட்

பேரன்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். அதில் ஒருவரை நலமாக்க நான்தான் பாடுபட வேண்டியிருந்தது. நீங்கள் பதற வேண்டாம், கிளம்பியும் வர வேண்டாம். எல்லாவற்றையும் நானே சமாளித்துவிட்டேன்.

லேத் பட்டறையில் எண்ணெய்க் கையைத் துடைத்த துணியை உங்கள் தம்பி வலது பாக்கெட்டில் திணித்துக்கொள்வார், தெரியுமல்லவா? வருடக்கணக்காக அது தொடையோடு குடித்தனம் நடத்தியதில், அதே இடத்தில் ஒரு புண். ஆறவேயில்லை. "கொசுக்கடிதான்டி"ன்னார். எந்தக் கொசு அண்ணி மாசக்கணக்கா ஒரே இடத்துல உக்காந்து கடிக்கும்? நான் வேதியியல் படித்தவள்; அந்தப் படிப்பு இதுவரை அவர் எண்ணெய்த் துணியைச் சோப்புப் போட்டுக் கசக்கத்தான் பயன்பட்டது. அந்த எண்ணெய் தோலில் ஊறிக்கொண்டே இருந்தால் புற்றுநோய் வரலாம் என்றேன். "மெஷினே தினம் அதுல குளிக்குது, அதுக்கு என்ன ஆச்சு?" என்றார். அதற்குத் தோல் இல்லைங்க என்றேன். பேச்சு எடுபடவில்லை. பாக்கெட் எல்லாவற்றையும் தைத்து மூடினேன். மறுநாள் வீட்டுச் சாவியை வாயில் கவ்விக்கொண்டு வந்து நிற்கிறார். துணி பெல்ட்டில் தொங்குகிறது, அதே தொடைமேல்!

கடைசியில், பாப்பாவுக்குத் தடுப்பூசி என்று அழைத்துப்போய் டாக்டரம்மா முன்னால் இவரை உட்காரவைத்தேன். "பேன்ட்டைக் கழட்டுங்க"ன்னதும் குழந்தையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, "ஊசி பாப்பாவுக்குத்தானே?" என்கிறார். சதையைக் கிள்ளியெடுத்துப் பரிசோதித்தார்கள். நான் பயந்ததேதான், தோல் புற்றுநோய். ஆனால் ஆரம்பநிலை அண்ணி! வெட்டி எடுத்தாயிற்று, ஓரத்தில்கூட மிச்சமில்லையாம். "உங்க வீட்டம்மா மட்டும் இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா..." என்று டாக்டரம்மா இழுத்ததும் நான் இவரைப் பார்த்தேன், இவர் மின்விசிறியைப் பார்த்தார். இப்போது பட்டறையில் எல்லோருக்கும் கையுறை, ஏப்ரன். முதலாளியிடம் நான்தான் பேசினேன். அவருக்குப் பேச இடம் கொடுக்கவில்லை.

ஆகவே, உடம்பை அலட்சியம் செய்யும் ஆள் இனி இந்த வீட்டில் யாருமில்லை. அண்ணனுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு முத்தமும்.

உங்கள் அன்பு மறவாத,
தம்பி மனைவி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது உங்கள் தம்பி என் மணிக்கட்டைப் பிடித்து விளக்கடியில் திருப்பிப் பார்த்து, "இதென்னடி, ஆறாம இருக்கு? என் துணியெல்லாம் வெறுங்கையாலதானே தொவைக்கிறே?" என்கிறார். கொசுக்கடிதான் அண்ணி. நாளைக்குப் பாப்பாவுக்கு ஊசி இருக்காம், நானும் கூட வரணுமாம். நீங்க உடனே கிளம்பி வாங்க, வந்து இவரைக் கொஞ்சம் அடக்குங்க.