தஞ்சோங் தோக்கோங்கில் சூரியன் மறையும் திசை

ஒரு பெண்ணிடம் அவளுடைய அம்மாவைக் கண்ணால் பார்த்ததாகப் பொய் சொன்னேன். அவள் என்னோடு இரண்டு வார்த்தை பேச வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

ஜப்பான்காரன் ஆண்ட காலம். தானா ராத்தா என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, கணக்கெழுதுகிறவன். தேயிலையை வாங்க ஆளில்லை. கொழுந்து பறிக்காத செடிகள் மரமாகிக்கொண்டிருந்தன. எல்லாரும் மரவள்ளி நட்டோம். (கிராணி கையிலும் மண்வெட்டிதான்.)

ரோசலின், லோரி டிரைவர் அருளப்பனின் மைத்துனி. அக்காளின் பிரசவத்துக்கு உதவ மலையேறி வந்தவள். வந்த கொஞ்ச நாளில் பினாங்கில் குண்டு விழுந்தது. அந்தப் பட்டணத்தின் ஓரம், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தஞ்சோங் தோக்கோங் முனையில் அவள் அம்மா தனியாக இருந்தார். கீழேயிருந்து யார் வந்தாலும், "எங்கம்மாவைப் பாத்தீங்களா?" என்று கேட்பாள்.

நான் கடலில்லாத ஈப்போ பட்டணத்தில் படித்தவன். கடலைப் பள்ளிக்கூட வரைபடத்தில் நீல நிறமாகத்தான் பார்த்திருந்தேன். ஒருமுறை ஈப்போ போய்த் திரும்பியதும் மரவள்ளிக் காட்டில் அவளிடம் சொன்னேன்:

"பினாங்கு வரைக்கும் போனேன். உங்கம்மாவைப் பாத்தேன். நல்லா இருக்காங்க."

அவள் கையிலிருந்த கிழங்கு விழுந்தது. "எங்க பாத்தீங்க?"

தெரியாது என்று நழுவியிருக்கலாம். (படித்தவனாயிற்றே!) "வாசல்ல உக்காந்து, சூரியன் கடலுக்குள்ள இறங்குறதைப் பாத்துக்கிட்டிருந்தாங்க."

அவள் முகம் மெல்ல அணைந்தது. "எங்க ஊர்ல சூரியன் கடல்லேருந்து வரும். இறங்குறது மலைக்குப் பின்னால."

பக்கத்து வரிசையில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த அருளப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். "சின்னக் கிராணிக்காகச் சூரியனே கோஸ்தான் போட்டிருக்கு லா!" (லோரியைப் பின்னால் எடுப்பதற்கு டிரைவர்கள் சொல்லும் வார்த்தை.) காடே சிரித்தது.

ரோசலின் சிரிக்கவில்லை. "அப்போ நீங்க பாக்கல," என்றாள். அதன் பிறகு கீழேயிருந்து வந்த யாரிடமும் அவள் அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் அம்மாவைத் தேடிக் கிளம்பினேன்: அடிவாரத்துத் தாப்பா வரை அருளப்பனின் லோரி, பிறகு ரயில், பிறகு படகு. விடியும் நேரம் முனைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு பக்கம் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து வீடுகள், மறுபக்கம் சீன மீனவர்களின் படகுகள், தள்ளிப் பணக்காரர்கள் பூட்டிவிட்டுப் போன பங்களாக்கள். சூரியன் ஒழுங்காகக் கடலிலிருந்து வந்தது. அவள் ஊரை அவள் இல்லாமல் பார்க்கிறோமே என்றிருந்தது. கணுக்கால் நீரில் வெகுநேரம் நின்றேன்.

அம்மா உயிரோடிருந்தார், கரையில் கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுத்துக்கொண்டு. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அகப்பையோடு எழுந்து வந்தார்.

"என்னைப் பாத்தியாக்கும்? இப்ப நல்லாப் பாத்துக்க, தம்பி. முன்பல்லு ஒண்ணு போயிருச்சு. அதையும் சொல்லு, அப்பத்தான் நம்புவா."

சொன்னேன். பல் போனதைக் கேட்டதும்தான் ரோசலின் அழுதாள். அடுத்த லோரியில் ஊருக்குக் கிளம்பினாள். ஏறும்போது என்னைப் பார்த்து, "போயிட்டு வரேன்," என்றாள். வரவில்லை. (எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். நான்தான் நம்பிவிட்டேன்.)

அருளப்பன் புண்ணியத்தில் என் கல்யாணத்தன்றே இந்தக் கதை எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. இன்று வரை வீட்டில் யார் அளந்துவிட்டாலும், "தாத்தா பாத்தாராம்!" என்பார்கள்.

போன வருஷம் பேரப்பிள்ளைகள் என்னை அந்த முனைக்குக் கூட்டிப்போனார்கள். கடலைத் தூர்த்துக் கடைகளும் மாடி வீடுகளும் கட்டியிருந்தார்கள். கார் நிறுத்தும் இடத்தில் காலை ஊன்றிக் காட்டினேன்.

"இங்கதான் நான் தண்ணியில நின்னேன்."

பேத்தி தம்பியைப் பார்த்துக் கண்ணடித்தாள். "தாத்தா பாத்தாராம் லா!"

இருவரும் சிரித்தபடி காரை நோக்கி நடந்தார்கள். நான் அந்தச் சிமெண்டிலிருந்து காலை எடுக்கவில்லை.