இரண்டு நிமிஷம் மூத்தவள்

வம்சத்தின் பெயர் என்பது மலையைவிடப் பழையது, கடலைவிட ஆழமானது என்று கோடேஸ்வர ராவ் அறிவித்தார். குண்டூர் ஆஸ்பத்திரியில், பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் அறிவித்தார். உள்ளே அந்த வம்சம், ஆளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எடையில், மூக்கில் குழாயோடு கண்ணாடிப் பெட்டிகளில் தூங்கிக்கொண்டிருந்தது.

அன்று இருபத்தோராம் நாள். முறைப்படி பெயர் வைக்க வேண்டிய நாள். பதினோரு வாரம் முன்கூட்டியே பிறந்த இரட்டைப் பெண்களுக்கு முறை தெரியாவிட்டாலும் தாத்தாக்களுக்குத் தெரியும்.

"மூத்தவளுக்கு எங்கம்மா பேரு, சேஷம்மா. மறுபேச்சே கிடையாது."

யாரும் மறுக்கவில்லை. மூத்தவளுக்குத் தகப்பன் வழிப் பெயர், இளையவளுக்குத் தாய் வழிப் பெயர். சம்பந்தி வீரராகவய்யாவும் தன் அம்மா பிச்சம்மாவின் பெயரோடு தயாராகவே வந்திருந்தார்.

"மூத்தவ யாரு? முதல்ல வெளிய வந்தவதானே?" என்றான் தகப்பன் பானுபிரசாத். பாசனத் துறையில் உதவிப் பொறியாளன். எந்தத் தகராறும் அரைப் பக்கக் குறிப்பில் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவன்.

"அங்கதான் தப்பு பண்றீங்க, மாப்பிள்ளை," என்றார் வீரராகவய்யா. "ரெட்டைப் பிள்ளையில பின்னாடி வந்ததுதான் மூத்தது. முதல்ல உள்ள போனது கடைசியாத்தான் வெளிய வரும். நீங்க கூட்ட பஸ்ஸுல ஏறினதே இல்லையா?"

"என் பேத்தி பஸ்ஸுல வரல, பாவகாரு," என்றார் கோடேஸ்வர ராவ், சம்பந்திக்குரிய மரியாதையில் ஒரு சொட்டும் குறையாமல்.

விஷயம் வேறு. முதலில் வந்தவள் ஆயிரத்து நூற்றிருபது கிராம், நல்ல நிறம். இரண்டாமவள் தொள்ளாயிரத்து எழுபது. இரண்டு கொள்ளுப்பாட்டிகளின் பெயர்களும் கனத்த பக்கமே சாய்ந்தன.

மூன்று மணி நேரத்துக்கொரு தரம் பால் எடுத்துக் கொடுக்க வரும் பிள்ளைகளின் அம்மா ஸ்ரவந்தி இவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். "கொஞ்சம் நகர்றீங்களா? உள்ள ரெண்டு பேருக்குப் பசிக்குது."

பானுபிரசாத் டாக்டரிடம் போனான்.

"வயித்தைக் கிழிச்சு எடுத்ததுங்க. என் கையில எது முதல்ல பட்டுச்சோ அது முதல்ல. ரெண்டு நிமிஷ வித்தியாசம்."

இதை வெளியே வந்து சொன்னதும் இரண்டு தாத்தாக்களும் முதல் முறையாக ஒன்று சேர்ந்தார்கள். "எங்க வம்சத்துல மூத்தது யாருன்னு அந்தாளோட கை முடிவு பண்ணுமா?"

ஐந்தாம் வாரம் இரண்டாமவளுக்குப் பால் பிடித்தது. அக்காவையோ தங்கையையோ, அது தீர்ப்புக்கு உட்பட்டது, முப்பது கிராம் முந்தினாள்.

மறுநாள் கோடேஸ்வர ராவ் தாடையைத் தடவினார். "யோசிச்சுப் பார்த்தா அந்த பஸ் கணக்குல நியாயம் இருக்கு."

"பஸ்ஸாவது லாரியாவது!" என்றார் வீரராகவய்யா. "டாக்டரே சொல்லியாச்சு, முதல்ல வந்ததுதான் மூத்தது. படிச்சவங்க பேச்சைக் கேக்கணும்."

பானுபிரசாத் குறிப்பு எழுதினான். முதலில் வீட்டுக்கு வருகிறவள் மூத்தவள்.

"அப்போ தேறினது எப்பவும் உங்களுக்கு, தேறாதது எங்களுக்கா?" என்று மாமனார் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று மதியம் அவனுக்கு அரை மணி நேரம் நெஞ்சோடு குழந்தையை அணைத்துக்கொள்ள முறை. சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சாய்ந்தான். நெஞ்சின்மேல் இரண்டாமவள் மூச்சு விட மறந்தாள். மானிட்டர் கத்தியது. கருணா சிஸ்டர் ஓடி வந்து உள்ளங்காலைச் சுண்டினாள். குழந்தைக்கு மூச்சு ஞாபகம் வந்தது. பானுபிரசாத்துக்கு வர இன்னும் கொஞ்ச நேரமாயிற்று.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தவனிடம் இரண்டு பெரியவர்களும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "இன்னிக்கு எது கனம்?"

அவன் ஓய்ந்துபோனான். அப்பாவைத் தனியே அழைத்து, "குண்டா இருக்கிறது சேஷம்மா, நான்னா" என்றான். மாமனாரைத் தனியே அழைத்து, "குண்டா இருக்கிறது பிச்சம்மா, மாமய்யா" என்றான். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் அமைதி நிலவியது. அதற்குள் இரண்டு வெள்ளிக் கிண்ணங்களில் பெயர் பொறித்தாகிவிட்டது.

ஐம்பத்தெட்டாம் நாள் இரண்டும் சேர்ந்தே வீட்டுக்குப் புறப்பட்டன. இரண்டு கிண்ணங்களும் ஒரே குழந்தையை நோக்கி நீண்டன.

"பாவகாரு, அது எங்களுது."

"மாப்பிள்ளை எங்கிட்ட சொல்லிட்டாரே!"

"எங்கிட்டயும்தான் சொன்னான்!"

இருவரும் பானுபிரசாத்தைப் பார்த்தார்கள். அவன் அவசரமாக மேஜைப் பக்கம் திரும்பினான். "சிஸ்டர், பேர் இருக்கிற இடத்தை மட்டும் காலியா விட்டுடுங்க. வீட்டுல போய்ப் பேசிக்கிறோம்."

கருணா சிஸ்டர் காகிதக் கட்டிலிருந்து நிமிரவில்லை. "காலியா எங்க இருக்கு? ஜாஹ்னவி, ஜீவனா. பிறப்புச் சான்றிதழே வந்தாச்சே."

"யாரு வெச்சது?" என்றார்கள் மூவரும்.

"அம்மாதான். நாலாம் நாள் சின்னதுக்கு ரொம்ப மோசமா இருந்துச்சுல்ல? பேர் இல்லாம அனுப்ப மாட்டேன்னு அழுதாங்க. அப்பவே ரெண்டு பேருக்கும் எழுதிட்டோம்."

ஸ்ரவந்தி ஒரு குழந்தையின் குல்லாயை இழுத்துக் காதை மூடிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றான் பானுபிரசாத்.

சிஸ்டர் காகிதத்தை அவன் பக்கம் திருப்பினாள்.

"கேட்டாங்களே, சார். கீழே இருக்கிற கையெழுத்து உங்களுதுதான்."