பரவாயில்லை என்று சொன்ன ஜெனரல்

வில்ட்ஷயர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மைத்துனி மில்ட்ரெட்டுக்கு,

இங்கு நலம். உன் முழங்காலும் ஸ்கார்பரோவின் கடல்காற்றும் ஒருவழியாகச் சமாதானமாகப் போகின்றன என்று நம்புகிறேன். உன் அக்கா யூனிஸ் இந்நேரம் பெட்டியோடு உன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பாள். இங்கே கொஞ்சம் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான். அவள் தரப்பைக் கேட்டிருப்பாய். என் தரப்பையும் கேள்.

எங்கள் ரெஜிமெண்டில் எதையும் பெரிதாக்கிப் பேசுகிறவனை அதிகாரி என்றே மதிக்கமாட்டார்கள். நான் கேப்டனாக இருந்தபோது ஒரு மலைமேல் மூன்று பக்கமும் எதிரி சூழ்ந்துகொண்டான். ரேடியோவில் "கொஞ்சம் நெரிசலா இருக்கு சார்" என்றேன், மேலிடம் பதறிப்போய் இரண்டு கம்பெனிப் படையை அனுப்பியது, எனக்குப் பதக்கமும் கிடைத்தது. பிரிகேடியராக ஜெர்மனியில் கூட்டுப் பயிற்சி நடத்தியபோது என் டாங்கிகள் ஆற்றில் முழுகிவிட்டன, "லேசா நனைஞ்சுடுச்சு" என்று அமெரிக்கக் கர்னலிடம் சொன்னேன், அந்த மனிதர் "சரி, காயவெச்சு எடுத்துட்டு வாங்க, நாங்க சாப்பிட உட்கார்றோம்" என்று போனை வைத்துவிட்டார். அதற்கும் என் மேலதிகாரி 'எதற்கும் கலங்காதவர்' என்று எழுதி என்னை மேஜர் ஜெனரலாக்கினார். இப்படி வளர்ந்தவன், கல்யாணமாகி நாற்பதாவது ஆண்டு விருந்தில் கோப்பையோடு எழுந்து வேறென்ன சொல்வேன்? "யூனிஸோட வாழ்ந்தது, மொத்தத்தில பரவாயில்லை" என்றேன். எங்கள் ரெஜிமெண்டில் இதற்குமேல் பாராட்டு கிடையாது. கிழட்டுக் கர்னல் பிளன்கெட் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யூனிஸ் மட்டும் கேக் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"ரூபர்ட், நாப்பது வருஷமா நீ சொல்றதை நானே எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லிக்கிட்டிருக்கேன். அலுத்துப்போச்சு."

"ஏன், நல்லாத்தானே சொன்னேன்?"

"பாத்தியா, இப்பக்கூடப் புரியல" என்று சொல்லி மாடிக்குப் போய்ப் பெட்டியை எடுத்தாள்.

பிறகு விசேஷமாக ஒன்றுமில்லை. சமையலறையில் இருக்கும் துணி துவைக்கும் இயந்திரம் ஓடும்போது அதன் கதவை இழுக்கக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பிளம்பரைக் கூப்பிட்டு "சமையலறையில கொஞ்சம் ஈரம்" என்றேன். "வெள்ளிக்கிழமை வரேன் ஜெனரல், அதுவரைக்கும் ஜன்னலைத் திறந்துவைங்க" என்றான். இப்போது முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு முட்டை அவிக்கிறேன். நாய் சாப்பாட்டு மேஜைமேல் குடியேறிவிட்டது, என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மற்றபடி வீடு அமைதியாகத்தான் இருக்கிறது.

ஆகவே அவசரம் எதுவும் இல்லை என்று யூனிஸிடம் சொல். கோடைக்குள் எப்போது தோதுப்படுகிறதோ அப்போது வரட்டும். உன் கணவருக்கும் பூனைகளுக்கும் என் அன்பு. ஆண்டவர் உன் கூரையையும் முழங்காலையும் காப்பாராக.

இப்படிக்கு,
ரூபர்ட் தோர்ன்லி
மேஜர் ஜெனரல் (ஓய்வு)

பி.கு.: மேலே உள்ள எதையும் அவளுக்குப் படித்துக் காட்டாதே. இதை மட்டும் காட்டு. யூனிஸ், நீ இல்லாமல் என்னால் முடியவில்லை. உன்மேல் உயிரையே வைத்திருக்கிறேன். இன்றைக்கே வந்துவிடு. வரவில்லையென்றால், செவ்வாய்க்கிழமை நானே வந்து மில்ட்ரெட் வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி இதைச் சத்தம்போட்டுச் சொல்லப்போகிறேன். டிக்கெட் வாங்கியாகிவிட்டது.